இரண்டு தரம் அடித்து வெட்டு

“வெட்டினது அவர்தான், அன்ரி. அறிக்கையில அது தெளிவா—”

“அடிச்சதும் அவர்தானே தம்பி. அதை ஏன் அறிக்கையில—”

“நான் சொல்லி முடிக்க விடுங்கோ. அழைப்பைத் திறந்து, ஒரு சொல்லும் கதைக்காமல், மூண்டு விநாடியில வெட்டினால் அதுக்குப் பேர்—”

“அதுக்குப் பேர் ‘வாங்கோ’. எங்கட ஆக்களில பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.”

“விதிமுறையில அதுக்குப் பேர் இரத்துச் செய்தல்.”

“விதிமுறை ஏரிக்கரையில கிடந்து விறைச்சுப் பாத்ததோ?”

தேவமலர் மேசையில் கிடந்த தாளை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினாள். சாரங்கன் அதைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினான். வந்து உட்கார்ந்ததிலிருந்து இது நாலாவது தரம். தாளுக்குக் கால் இருந்தால் இந்நேரம் எழுந்து ஓடியிருக்கும் என்று நினைத்தாள். 

அந்தத் தாளில் அவளுக்கு ஆகாதது ஒரே ஒரு வரி. ‘பயனாளர் தனது அவசர அழைப்பைத் தானே இரத்துச் செய்தார்.’ பயனாளர் என்றது அவளுடைய கணவன் குலவீரசிங்கத்தை. ஆறு கிழமைக்கு முன்பு, தை மாதத்து ஒரு சனிக்கிழமை, மைனஸ் நாற்பத்தொன்றில், பனி ஸ்கூட்டர் நின்றுபோய் ஏரி வளைவில் மூன்று மணி நேரம் கிடந்தவர். இரண்டு பாதங்களையும் வைத்தியசாலையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்.

வடநோர்வேயின் விளிம்பில், ஒரு மீன் தொழிற்சாலையையும் ஒரு தேவாலயத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிற ஊர் அது. தொள்ளாயிரம் சனம். அதில் நூற்றிருபது பேர் தமிழர்; மீன் வெட்ட வந்தவர்களும் அவர்களுக்குப் பிறந்தவர்களும். தெற்கிலிருந்து கடலுக்குள்ளால் வந்துகொண்டிருந்த வெந்நீரோட்டம் நின்று பதினொரு வருஷம். முன்பெல்லாம் குளிர் விருந்தாளி மாதிரி வந்து, இருந்து, போனது. இப்போது அதுதான் வீட்டுக்காரன். மின்சாரம் நாளுக்கு இரண்டு தரம் நிற்கும். தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக உறைந்துபோய், மலையில் ஒரு காற்றாடியின் தயவில் ஒரே ஒரு கோபுரம் மிச்சம்.

சாரங்கன் நகரசபையின் அவசரகால அதிகாரி. முப்பத்தைந்து வயது. அந்த ஊரிலேயே பிறந்தவன். அவனுடைய முதற் பல் விழுந்தது தேவமலருடைய வீட்டுப் படியில்தான். அந்த உரிமையில் அவள் அவனை ‘நீர்’ என்றாள். அந்த உரிமையிலேயே அவன் அவளுக்குக் கோப்பி ஊற்றி வைத்திருந்தான். அவள் தொடவில்லை.

“சரி, அறிக்கையை விடும்,” என்றாள். “நான் வந்தது ஒண்டைக் கேக்க. திங்கக்கிழமை எனக்கு லீவு முடியுது. காலமை ஆறு தொடக்கம் பின்னேரம் மூண்டு வரைக்கும் மனுசன் தனிய. எங்கட வீட்டு வரிசையில பகலில ஒரு குருவி இல்லை, எல்லாரும் தொழிற்சாலையில. கரண்ட் நிண்டால் ஹீற்றர் நிண்டிடும். எழும்பி நடக்க அவருக்குக் காலில்லை. அவரிட்ட இருக்கிறது அந்த நெஞ்சுப்பெட்டி ஒண்டுதான். அவர் அமத்தினால் உங்கட வண்டி வருமோ, வராதோ?”

“கதைச்சால் வரும், அன்ரி.”

“வெட்டினால்?”

சாரங்கன் யன்னலைப் பார்த்தான். கீழே முற்றத்தில் நகரசபையின் பனிவண்டி, சங்கிலிச் சக்கரங்களோடு, இயந்திரம் உறையாமலிருக்க உறுமிக்கொண்டே நின்றது. சாரதி உள்ளே சாய்ந்து கிடந்து எதையோ தின்றுகொண்டிருந்தான்.

“ஏன் வெட்டவேணும்?” என்றான் சாரங்கன். “ஒரு நிமிஷம் கதைக்கிறதுக்கு என்ன?”

ஏன் வெட்டவேண்டும் என்பதற்கு விடை தேவமலரிடம்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவளே அவள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஆபத்துக்கு உதவும் கருவி எது வேண்டுமென்று அந்தந்தச் சனமே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நகரசபை மூன்று மாதிரிகளை அனுப்பியது. தமிழ்ச் சங்கம் அந்தப் பொறுப்பைத் தேவமலரின் தலையில் கட்டியது. தொழிற்சாலையில் வெட்டு மேசைக்கு மேற்பார்வையாளர் அவள். எந்தப் பொருளையும் விற்பவன் வாயை நம்பி வாங்குகிறவள் அல்ல. மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்த் தொழிற்சாலையின் குளிர் அறைக்குள், மைனஸ் முப்பதில், மீன் பெட்டிகளுக்கு மேலே வைத்துப் பூட்டினாள்.

செய்மதித் தொலைபேசி இருபது நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டது. பற்றரி குளிரில் செத்துப்போகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், விற்க வந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டாவது, கையால் சுழற்றி மின்சாரம் எடுக்கிற வானொலி. அதற்குள்ளிருந்த கிறீஸ் இறுகி, குலவீரசிங்கம் சுழற்றிய சுழற்றில் கைபிடி கழன்று வந்தது.

“மலர், இதை வாசல் கதவுக்குப் பூட்டலாம்,” என்று அதை நீட்டினார்.

மூன்றாவதுதான் நெஞ்சுப்பெட்டி. தீப்பெட்டியளவு. பனியனுக்குள், நெஞ்சில் ஒட்டிக் கட்டிக்கொள்வது. பற்றரி கிடையாது. உடம்பின் சூட்டுக்கும் வெளியிலுள்ள குளிருக்கும் நடுவில் இருந்துகொண்டு அந்த வித்தியாசத்திலிருந்து மின்சாரம் பிழியும். குளிர் கூடக்கூட நன்றாக வேலை செய்யும். அதைக் கட்டிக்கொண்டு குலவீரசிங்கம் அரைமணி நேரம் குளிர் அறைக்குள் நின்றார்.

“கேக்குதோ மலர்? இஞ்ச ரெண்டு தொன் கொட் மீன் என்னையே பாக்குது. ஒருத்தனும் வணக்கம் சொல்லுறானில்லை.”

“வடிவாக் கேக்குது. வேற என்ன?”

“கதைக்கேக்க நெஞ்சில ஆரோ ஐஸ் காசு வச்ச மாதிரிக் கிடக்கு. வேற ஒண்டுமில்லை. கதவைத் திறவும், கட்டின மனுசனை மீனோட சேத்து ஏத்துமதி செய்யாதையும்.”

அந்த ஐஸ் காசுதான் குறை. கதைப்பதற்குப் பெட்டி இழுக்கிற மின்சாரம் முழுக்க உடம்பின் சூடு. ஒரு நிமிஷம் கதைத்தால் அதை மீட்டெடுக்க ஒரு மணித்தியாலம் நல்லாக உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே விறைத்துப்போனவனுக்கு ஏது மீட்சி?

ஆனால் பொத்தானை அமத்தியதும், பேச்சுவழி திறப்பதற்கு முன்னால், ஓர் அதிர்வு மட்டும் அயலவர்களின் பெட்டிகளுக்கும் நகரசபைக்கும் போகும். யார் அமத்தினது என்று பெயரும் விழும். அதோடு வெட்டிவிட்டால் சூடு மிச்சம். தேவமலர் சங்க மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னாள்: “கதைச்சு மினக்கெடாதேங்கோ. ஒருக்கா அடிச்சு வெட்டினால், ‘வந்து சேர்ந்திட்டன்’. ரெண்டு தரம் அடிச்சு வெட்டினால், ‘வாங்கோ’.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தொலைபேசி அட்டை வாங்கிக் கதைத்த காலத்தில், காசு மிச்சம் பிடிக்க அவர்களுடைய தாய்மார் செய்த அதே வேலை. ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

அன்றிலிருந்து யார் இரண்டு தரம் அடித்தாலும் ஆள் போனது. மூக்கு நுனி வெடித்தாலும் போனது. கோபத்தில் முகம் பார்க்காத இரண்டு சகலன்மார், ஒருவரை ஒருவர் தூக்கிவந்து போட்டுவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போன கதையும் உண்டு.

தை மாதத்துச் சனிக்கிழமைதான் ஆள் போகவில்லை. எழுபது கிலோமீற்றர் தள்ளி ஒரு கலியாணம். இரண்டு பஸ்ஸில் முழு வரிசையும் போய்விட்டது. பட்டுச்சேலைக்குள்ளே பெட்டியைக் கட்ட எந்தப் பெண் சம்மதிப்பாள்? வேட்டி கட்டினவர்களுக்கும் அது இடைஞ்சல். பெட்டிகளெல்லாம் அவரவர் வீட்டு ஆணியில் தொங்கின. குலவீரசிங்கத்துக்கு மட்டும் ஐஸ் இயந்திரத்தில் வேலை முறை. வேலை முடிந்து வருகிற வழியில்தான் ஸ்கூட்டர் நின்றது. இரண்டு தரம் அடித்து வெட்டினார். பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. பின்னேரம் கலியாண பஸ் திரும்பி வரும்போது, அதன் வெளிச்சத்தில்தான் ஆள் தெரிந்தது.

“கதைச்சிருக்கலாம்,” என்று அவர் நேற்று இரவுச் சாப்பாட்டில் சொன்னார். “தாளில எழுதினது சரிதானே மலர். நானெல்லோ வெட்டினது.”

“விசர்க் கதை கதையாதேங்கோ.”

“இல்லை, நான் சும்மா சொல்லுறன். என்ர சப்பாத்துகளை ஆருக்கும் குடும். ஒன்பதாம் இலக்கம். ஒருக்காக் கழுவினால் காணும்.”

சப்பாத்தை அவள் பொறுத்துக்கொண்டாள். தாளில் எழுதினது சரிதானே என்று அவர் கேட்டதைத்தான் பொறுக்கமுடியவில்லை. காலை எடுத்ததும் போதாமல், குற்றத்தையும் அவர் தலையில் வைத்து, அதை அவரே நம்பவும் பண்ணிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் இரவு கஞ்சிப் பானையைக் கழுவின கழுவில் அதன் கைப்பிடி நெளிந்தது. மற்ற நாள் மத்தியானம் கோட்டை மாட்டிக்கொண்டு நகரசபைக்கு வெளிக்கிட்டவள்தான், இப்போது சாரங்கனுக்கு முன்னால் இருந்தாள்.

“தம்பி, இந்தத் தாளை எழுதினது ஆர்?”

“கருவி குடுத்த கம்பெனி.”

“அண்டைக்கு வண்டியை அனுப்பிறதில்லை எண்டு முடிவெடுத்தது?”

“அது… உங்களுக்குத் தெரியும்தானே. விதானையார்.”

ஊரில் யார் எங்கே இருக்கிறார்கள், யார் அடித்தார்கள், ஒரேயொரு வண்டியை எங்கே அனுப்புவது என்றெல்லாம் தீர்மானிக்கிற கணினி நிரலுக்கு நோர்வேக்காரர் வைத்த பெயர் நீளமானது. தமிழருக்கு அது விதானையார். கிராமத்துத் தலைமைக்காரர் விதானையாருக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் புகை வராது என்று யாரோ பகிடியாகச் சொல்லப்போய், நிலைத்துவிட்ட பெயர்.

“அப்ப கம்பெனி எழுதினதை எனக்குக் காட்டாதையும். விதானையார் அண்டைக்கு என்ன எழுதி வச்சவர் எண்டதைக் காட்டும்.”

“அது உள்விஷயம் அன்ரி. அதில ஒண்டும் புதுசா இராது. ‘இரத்து’ எண்டுதான் கிடக்கும்.”

“நீர் பாத்தனீரோ?”

“பாக்கத் தேவையில்லை. அறிக்கை—”

“பாத்தனீரோ, இல்லையோ?”

சாரங்கன் பெருமூச்சு விட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பினான். இந்த அன்ரியை அனுப்பிவைக்க இதுதான் குறுக்கு வழி என்று நினைத்திருப்பான். விசையைத் தட்டித் தட்டி அந்தச் சனிக்கிழமைக்குப் போனான். வாசித்தான். மறுபடி வாசித்தான். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான்.

“தமிழில சொல்லும்,” என்றாள் தேவமலர்.

“பதின்மூண்டு ஐம்பத்திரண்டு. குலவீரசிங்கம். ஏரி வளைவு. ரெண்டு தரம் அடிச்சு வெட்டினார்.”

“பிறகு?”

“பொருள்…” அவன் தொண்டையைச் செருமினான். “பொருள்: உதவிக்கு வரவும். நிச்சயம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.”

கோப்பியிலிருந்து ஆவி அடங்கிப்போயிருந்தது. தேவமலர் கோப்பையை ஒதுக்கி வைத்தாள்.

“அதுக்கு விளங்கியிருக்கு,” என்றாள்.

“ஓம்.”

“கம்பெனிக்கு விளங்கேல்லை. உமக்கு விளங்கேல்லை. அதுக்கு விளங்கியிருக்கு. மிச்சத்தையும் வாசியும்.”

“அன்ரி, இது—”

“வாசியும்.”

“‘அயலவர் செல்வர். கடந்த ஆறு குளிர்காலங்களில் இவ்வகை அழைப்பு இருநூற்றுப் பதினொன்று. அயலவர் செல்லாதது: இல்லை. வரிசை வீடுகளில் இப்போது அயலவர் நாற்பத்தாறு பேர். பனிவண்டி தேவையில்லை.’”

“நாற்பத்தாறு பேர்.”

“பெட்டி உடம்பில இல்லாட்டில் அது கடைசியாக இருந்த இடத்தைத்தான் காட்டும். எல்லாரும் வீட்டில நிக்கினம் எண்டு அது…” அவன் நிறுத்தினான். “நான் இதை இப்பதான் பாக்கிறன் அன்ரி. சத்தியமா.”

“நம்புறன். நீர் பாக்கேல்லை. பாக்கிறதுதான் உம்மட வேலை எண்டு நான் பிழையா நினைச்சிட்டன்.”

அவன் முகம் சிவந்தது. திரையை அணைக்கப் போனவன் அணைக்காமல் கையை எடுத்தான்.

“ஒருக்கா அதின்ர பக்கத்தில நிண்டும் யோசியுங்கோ,” என்றான். “ஒரு வண்டி. தொள்ளாயிரம் சனம். தேவாலயத்துக்குப் பின்னால ஒரு கிழவி தனிய இருக்கிறா. அவவுக்கு முன் வீடுமில்லை, பின் வீடுமில்லை. அவவும் அடிக்கிறா, உங்கட வரிசையில ஒராளும் அடிக்கிறார். வண்டி எங்க போறது? உங்களுக்கு ஆக்கள் இருக்கினம். அவவுக்கு இல்லை. அது நியாயமில்லையோ?”

“நியாயம்தான். அண்டைக்கு அந்தக் கிழவி அடிச்சவவோ?”

அவன் திரையைப் பார்த்தான். “இல்லை.”

“வேற ஆரும்?”

“இல்லை.”

“வண்டி எங்க நிண்டது?”

“இஞ்சதான். கீழ.”

“இஞ்ச இருந்து ஏரி வளைவு எவ்வளவு தூரம்?”

“ஆயிரத்து நானூறு மீற்றர்.”

“அப்ப, கூப்பிட்ட மனுசன் கூப்பிட்டுக்கொண்டே கிடக்க, கூப்பிடாத ஆக்களுக்காக வண்டி காவல் நிண்டது. நியாயம் வலு வடிவாத்தான் கிடக்கு.”

 தேவமலருக்கு இப்போது குரல் உயரவில்லை, தாழ்ந்தது. வெட்டு மேசையில் யாராவது கத்தியைப் பிழையாகப் பிடித்தால் அவளுக்கு வருகிற குரல் அது. தொழிற்சாலையில் எல்லாருக்கும் அந்தக் குரலுக்குப் பயம்.

“இருநூற்றுப் பதினொரு தரம். சறுக்கி விழுந்து போனனாங்கள். காய்ச்சலோட போனனாங்கள். பிள்ளையை மற்ற வீட்டில எறிஞ்சுபோட்டுப் போனனாங்கள். ஆளுக்காள் செய்யிறம் எண்டு நினைச்சுப் போனனாங்கள். உங்கட வண்டிக்கு எண்ணெய் மிச்சம் பிடிச்சுக் குடுக்கிறம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருக்காலும் எங்களைக் கேக்கேல்லை. நாங்கள் நல்லா இருந்ததை எடுத்து எங்கட கழுத்திலேயே சுருக்குப் போட்டாச்சு.”

“வேணுமெண்டு ஒருத்தரும் செய்யேல்லை அன்ரி. அது தானாப் படிச்சிருக்கு.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். அது படிச்சது. படிச்சதை ஒருத்தரும் திருத்தேல்லை. சரி, இனிக் காரியத்தைக் கதைப்பம். நான் இண்டைக்கே சங்கத்தில சொல்லுறன், இனி ஒருத்தரும் வெட்டக்கூடாது, திறந்து கதைக்கவேணும் எண்டு. நெஞ்சு விறைச்சாலும் பரவாயில்லை. அப்ப வண்டி வருமோ?”

சாரங்கன் எதையோ தட்டினான். வந்ததை வாசித்தபோது அவன் தோள் இறங்கிப்போனது.

“சொல்லும்.”

“முதல் அது அடிக்கிற விதத்தைப் பாத்தது. இப்ப அது விதத்தைப் பாக்கேல்லை. ஆளைப் பாக்குது. உங்கட வரிசை வீடுகளில ஆர் என்ன மாதிரி அடிச்சாலும், கதைச்சாலும், முதல் அயலவர். அயலவர் போகாட்டில்தான் வண்டி, அதுவும் குலம் மாமாவுக்கு நடந்த பிறகு அது தானாச் சேத்தது.”

“போகாட்டில் எண்டு அதுக்கு எப்ப தெரியும்?”

“நாற்பது நிமிஷம்.”

“நாற்பது நிமிஷம்.” அவள் அதை வாயில் போட்டு மென்றாள். “எங்கட வீட்டுக்கு என்ன எழுதியிருக்கு?”

“அன்ரி—”

“எங்கட வீட்டுக்கு.”

“‘குலவீரசிங்கம்: முன்பு முப்பத்தெட்டு முறை சென்றவர். இனிச் செல்லார்.’ அதுக்குக் கீழ…” குரல் சிறுத்தது. “‘இவருக்கு முதல் அயலவர்: தேவமலர். செல்வார்.’”

“தேவமலர் திங்கக்கிழமை தொழிற்சாலையில மீனுக்கு முன்னால நிப்பாள்.”

“அது வேலை நேரத்தைப் பாக்காது. இதுவரைக்கும் போனனீங்களோ எண்டதைத்தான் பாக்குது. நீங்கள் போகாமல் விட்டதே இல்லை.”

“மாத்தும்.”

“எனக்கு அதிகாரமில்லை. சபை கூடவேணும். அடுத்த கூட்டம் மே மாதம்.”

“மே மாதம் பனி உருகியிடும் தம்பி. அப்ப வண்டியைப் பூங்கொத்து ஏத்தி அனுப்புங்கோ.”

அந்த நேரம் பார்த்து அறையின் விளக்கு ஒருமுறை துடித்து மங்கியது. ஒன்றரை மணி. ஊருக்கு மின்சாரம் நின்றுவிட்டது. நகரசபைக்கு மட்டும் கட்டடத்தின் அடியில் மாற்று ஏற்பாடு. யன்னலுக்கு வெளியே பங்குனி வெயில் வெள்ளை வெளேரென்று, சூடில்லாமல், பனிமேல் கிடந்து கண்ணைக் கூசவைத்தது.

சாரங்கன் குனிந்து, மேசைக்கு அப்பால் வேறு யாரும் கேட்டுவிடக்கூடாது என்பது போலச் சொன்னான். அறையில் வேறு யாரும் இல்லை.

“ஒரு வழி இருக்கு. அது போன மூண்டு, நாலு அழைப்புகளுக்குத்தான் கூட நிறை குடுக்கும். உங்கட வரிசையில ரெண்டு தரம் அடிச்சு, அயலவர் ஒருத்தரும் போகேல்லை எண்டு ஒரு நாலு தரம் பதிவானால், அது தானா மாறிடும். அதுக்குப் பிறகு நேர வண்டிதான் வரும். எல்லாருக்கும். குலம் மாமாவுக்கும்.”

“நாலு தரம்.”

“கூடினால் அஞ்சு. தை மாதத்துச் சனிக்கிழமை கணக்கில இல்லை, கடைசியில பஸ்ஸில வந்து தூக்கினது அயலவர்தானே.”

“ஆக்கள் அடிக்க, நாங்கள் போகாமல் வீட்டில இருக்கிறது.”

“நாற்பது நிமிஷம்தானே அன்ரி. அதுக்குப் பிறகு வண்டி போகும்.”

“சும்மா அடிச்சுப் பாக்கலாமோ? பொய்க்கு?”

“அதுக்கு உடம்புச் சூடு தெரியும். பெட்டி இயங்கிறதே சூட்டிலதானே. சூடான ஆள் அடிச்சதையும் விறைக்கிற ஆள் அடிச்சதையும் அது ஒரே மாதிரி எண்ணாது.”

“அப்ப உண்மையா விறைக்கவேணும்.”

அவன் மேசையில் கிடந்த தாளின் ஓரத்தை நேராக்கினான்.

“எங்கட வரிசையில இருபத்தெட்டு வீடு,” என்றாள் தேவமலர். “உமக்கு எல்லா வீட்டையும் தெரியும். எல்லா வீட்டிலயும் சாப்பிட்டிருக்கிறீர். முதல் எந்த வீட்டுக்குப் போகாமல் விடுவம்? கைப்பிள்ளை இருக்கிற ஏழாம் இலக்கமோ? நெஞ்சு வருத்தக்காரர் இருக்கிற பதினாறோ? நாலு இலக்கம் சொல்லும், எழுதிக்கொண்டு போறன்.”

சாரங்கன் மேசை இழுப்பறையைத் திறந்து, எதையோ பார்த்து, மூடினான்.

“அதுக்குள்ள என்ன?”

“திறப்பு. பூட்டில போட்டுத் திருப்பினால் விதானையாரை ஒதுக்கிப்போட்டு வண்டியை நானே அனுப்பலாம்.”

“அப்ப இருக்கு.”

“இருக்கு. ஆனால் அதைத் திருப்பினால் காரணம் எழுதவேணும். வண்டி திரும்பி வரும் வரைக்கும் ஊருக்கு வண்டியில்லை. அந்த நேரம் வேற எங்கயாவது ஒருத்தர் செத்தால் அது விதானையார்ர தலையில இல்லை, என்ர தலையில. நாலு வருஷத்தில நான் ஒருக்காலும் திருப்பேல்லை.”

“அண்டைக்கு நீர் இஞ்சயோ இருந்தனீர்?”

“ஓம்.”

“திரையில குலம் மாமான்ர பேர் விழுந்ததோ?”

“விழுந்தது. பக்கத்தில பச்சை நிறம். பச்சை எண்டால் ஒழுங்கு செய்தாச்சு எண்டு அர்த்தம். நான்…” அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “ஆறு தரம் விழுந்தது அன்ரி. ஆறும் பச்சை.”

தேவமலருக்கு அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கோப்பியை அவனுக்கே ஊட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இருக்கிறபோதுதான் அவளுடைய நெஞ்சில் பெட்டி அதிர்ந்தது.

ஒருதரம். வெட்டு.

அவள் கையை உயர்த்தினாள்.  ஒருதரம் என்றால் யாரோ வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் யார் வீடு வருவது? அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி அதிர்ந்தது. வெட்டு.

பனியனுக்குள் கையை விட்டுப் பெயரைப் பார்க்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை. சாரங்கனுடைய திரையில் பெயர் விழுந்திருந்தது. குலவீரசிங்கம். வீடு. உடம்புச் சூடு இறங்குகிறது. பக்கத்தில் பச்சை.

“ஹீற்றர் நிண்டு பத்து நிமிஷம்கூட ஆகேல்லை,” என்றாள். “அதுக்கிடையில சூடு இறங்குதெண்டால் மனுசன் வீட்டுக்குள்ள இல்லை. கதவைத் திறந்து வாசல்ல விழுந்து கிடக்கிறார்.”

“‘அயலவர்: தேவமலர்,’” என்று அவன் வாசித்தான், வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. “‘ஆயிரத்து நூறு மீற்றர். நடந்து, பத்தொன்பது நிமிஷம். செல்வார்.’”

“வண்டி?”

“மூண்டு நிமிஷம்.”

அவள் ஏற்கெனவே சப்பாத்துக்குள் காலை விட்டிருந்தாள். கோட்டை எடுத்தாள். கையுறை ஒன்று மேசைக்கடியில் விழுந்தது, எடுக்கவில்லை. கீழே வண்டி உறுமிக்கொண்டே நின்றது. சாரதி யன்னல் கண்ணாடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்கள் போங்கோ அன்ரி, கெதியாப் போங்கோ,” என்று சாரங்கன் எழுந்தும் எழாமலும் சொன்னான். “நான் இதெல்லாத்தையும் இண்டைக்கே எழுத்தில மேலுக்கு அனுப்பிறன்.”

தேவமலர் கதவைத் திறந்தாள். படிக்கட்டுக் குளிர் உள்ளே வந்து மேசைமேல் கிடந்த தாளைத் தூக்கிக் கீழே போட்டது. அவள் திரும்பி, அவனுடைய கையைப் பார்த்தாள். இழுப்பறையின் விளிம்பில் இருந்தது அது.

“நான் போவன் எண்டு அதில எழுதியிருக்கு. நீர் என்ன செய்வீர் எண்டு எழுதியிருக்கோ, பாரும் தம்பி.”